திருத்துவது எங்கள் வேலை இல்லை

என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னதும் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "இதுவரைக்கும் எத்தனை பேரைத் திருத்தியிருக்கீங்க?" நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்காகச் சின்னதாக ஒரு அமைப்பு நடத்துகிறேன் என்றால், நான் எதிரே உட்கார்ந்து புத்தி சொல்லிச் சொல்லி ஆட்களை நல்லவர்களாக்கி அனுப்புவது போல ஒரு காட்சி அவர்கள் மனதில் ஓடும் போல. நான் யாரையும் திருத்தியதில்லை. அதற்கு நேரமும் இருந்ததில்லை. என் நாளில் பெரும்பகுதி விண்ணப்பம் நிரப்புவதிலும், ஏதாவது ஒரு அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதிலும், வாடகைக்கு ஒரு அறை கொடுங்கள் என்று யாரிடமாவது போனில் கெஞ்சுவதிலும் போய்விடுகிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலையே அதுதான் என்கிறேன். ஒருவர் மனம் மாறுவதும் மாறாததும் அவருக்குள் நடக்கிற விஷயம். நிறைய பேர் உள்ளே இருக்கும்போதே 'போதும்டா சாமி' என்று முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். வந்த பிறகு அந்த முடிவோடு வாழ்வதற்கு ஒரு முகவரி, ஒரு வேலை, ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கிற ஒரு ஆள் கிடைக்கிறதா இல்லையா என்பதில்தான் எங்களுக்கு வேலை இருக்கிறது.

முதலில் காகிதம். ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட, கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் நெல்சன் மண்டேலா விதிகளில் 108ஆவது விதியைப் படித்துப் பார்த்தால், யாரோ இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் எழுதியது போல இருக்கும். வெளியே போகிறவரிடம் தேவையான ஆவணங்களும் அடையாளச் சான்றுகளும் இருக்க வேண்டும், தங்க இடமும் செய்ய வேலையும் இருக்க வேண்டும், பருவத்துக்கு ஏற்ற உடுப்பு வேண்டும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவும் முதல் கொஞ்ச காலத்தை ஓட்டவும் பணம் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறது. இந்த நாலும் ஒன்றாகக் கையில் இருக்க ஒருவர் வெளியே வந்து நான் பார்ப்பது அபூர்வம்.

நடப்பது என்னவென்றால், அடையாள அட்டை வாங்க முகவரி கேட்பார்கள். வாடகைக்கு இடம் கேட்டால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். வேலைக்குப் போனால் வங்கிக் கணக்கு கேட்பார்கள், வங்கியில் அடையாள அட்டை கேட்பார்கள். இது போதாதென்று இப்போது எல்லாவற்றுக்கும் ஓடிபி வேறு. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அவர் வைத்திருந்த போன் நம்பர் இந்நேரம் முன்பின் தெரியாத யாரிடமோ இருக்கும், அவருடைய பழைய மெயிலைத் திறக்க அந்த நம்பருக்குத்தான் குறியீடு போகும். படித்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்றாலும் இதில் மாட்டுவார். இந்தச் சுற்றை எங்காவது ஒரு இடத்தில் வெட்டிவிட வேண்டும். நாங்கள் பெரும்பாலும் முகவரியில் வெட்டுகிறோம், எங்கள் அலுவலக முகவரியைத் தபாலுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கடிதம் கொடுத்துவிட்டு அங்கிருந்து ஒவ்வொன்றாக நகர்த்துவோம். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் நாங்கள் செய்கிறதிலேயே உருப்படியான வேலை எது என்று என்னைக் கேட்டால் அந்தக் கடிதத்தைத்தான் சொல்வேன்.

விடுதலையாகும் கிழமைகூட முக்கியம். வெள்ளிக்கிழமை மதியம் வெளியே விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று நான்கு அலுவலகங்களுக்கு அன்றைக்கே ஓட வேண்டும், பாதி மூடியிருக்கும், அப்புறம் இரண்டு நாள் ஒன்றும் நடக்காது. கையில் இருக்கும் காசும் அந்த இரண்டு நாளில் கரைந்துவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்காகப் பலர் வருடக்கணக்கில் கத்தி, கடைசியில் 2023இல் சட்டமே கொண்டுவந்தார்கள், வெள்ளிக்கிழமையிலோ விடுமுறைக்கு முந்தின நாளிலோ விடுதலை விழுந்தால் இரண்டு நாள் வரை முன்கூட்டியே விடலாம் என்று. கிழமையை மாற்றுவதற்கு ஒரு பாராளுமன்றச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பதை நினைத்து எனக்கு அடிக்கடி சிரிப்பு வரும். பொறாமையும் வரும்.

அதற்கடுத்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் அமைப்பின் ஏற்பாடுகள் எல்லாமே அந்த இரண்டு வாரத்தைச் சுற்றித்தான். 2007இல் இங்கிரிட் பின்ஸ்வாங்கரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்த 30,237 பேரின் கணக்கு. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறந்துபோகும் ஆபத்து, அதே வயதும் பாலினமும் இனமும் உள்ள மற்றவர்களைவிட 12.7 மடங்கு. பெரும்பாலும் போதைமருந்து அளவு மீறியதால். காரணம் எளிது. உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது, வெளியே வந்ததும் பழைய ஞாபகத்தில் பழைய அளவையே எடுக்கிறார், அந்த அளவு இப்போது விஷம். இதை நான் விடுதலைக்கு முன்னாலேயே உள்ளே போய் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். 'எடுக்காதே' என்று சொல்வது எளிது. 'எடுத்தாலும் பழைய அளவு எடுக்காதே, தனியாக இருக்கும்போது எடுக்காதே' என்று சொல்வதற்குத்தான் சிலர் என் மேல் கோபப்படுகிறார்கள், ஊக்குவிக்கிறேனாம். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைமருந்து எடுத்தவரின் நின்றுபோகும் மூச்சைத் திரும்பக் கொண்டுவர நலோக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதை எப்படிக் கொடுப்பது என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். செத்துப்போனவர் திருந்த முடியாது இல்லையா.

போதையே தொடாதவருக்கும் அந்த நாட்கள் லேசாக இருப்பதில்லை. "அக்கா, பாத்ரூம் போய்ட்டு வரட்டுமா?" என்று நரைத்த தலையோடு ஒருவர் என்னிடம் அனுமதி கேட்பார். சாப்பிடும்போது தட்டைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு, யாரோ பறிக்க வருவது போல வேகவேகமாகச் சாப்பிடுவார். கடையில் சோப்பு எடுக்க அனுப்பினால், இருபது வகை சோப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவார். இதெல்லாம் சில நாளில் தானாகப் போய்விடும், பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு: உதவி கேட்கவே கேட்காதவர்களுக்கு. உள்ளே இருந்தபோது யாரிடமும் எதையும் கேட்டுக் கடன்படக் கூடாது என்று பழகியிருப்பார்கள், அதுதான் அங்கே அவர்களைக் காப்பாற்றியது. வெளியே அதே பழக்கம், அறையை விட்டு வெளியே போகச் சொன்ன பிறகும் எங்களைக் கூப்பிடாமல் பஸ் ஸ்டாண்டில் படுக்க வைக்கிறது. ஆகவே நாங்களே கூப்பிடுகிறோம். முதல் இரண்டு வாரம் தினமும், விஷயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் செய்து 2003இல் வெளியிட்ட பரிசோதனையை இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரே மாதிரி படிப்பு, ஒரே மாதிரி அனுபவம் காட்டும் இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார், ஒருவருக்கு மட்டும் ஜெயில் தண்டனை பெற்றதாகப் பதிவு. வெள்ளையர்களில் பதிவு இல்லாதவர்களைக் கூப்பிட்டவர்கள் 34 சதவீதம், பதிவு இருந்தால் 17. கறுப்பினத்தவர்களில் பதிவே இல்லாதவருக்கு 14, இருந்தால் 5. கடைசி இரண்டு எண்களையும் முதல் இரண்டோடு வைத்து ஒருமுறை பாருங்கள். தண்டனை பெற்ற வெள்ளையருக்கு, எந்தத் தப்பும் செய்யாத கறுப்பரைவிட வாய்ப்பு அதிகம்.

சரி, 'தண்டனை பெற்றிருக்கிறீர்களா' என்ற கேள்வியையே வேலை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன என்று ஒரு இயக்கம் கிளம்பியது, பல இடங்களில் சட்டமும் ஆனது. நானும் அதை ஆதரிக்கிறவள்தான். ஆனால் அமாண்டா ஆகன், சோன்யா ஸ்டார் என்ற இருவர் நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் ஏறத்தாழ 15,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். சட்டம் வருவதற்கு முன் கறுப்பர் பெயர் போட்ட விண்ணப்பங்களைவிட வெள்ளையர் பெயர் போட்டவற்றுக்கு 7 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது, வந்த பிறகு அந்த இடைவெளி 43 சதவீதமாகிவிட்டது. கேட்கக் கூடாது என்றதும் ஆட்கள் பெயரைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆக, மறைப்பது மட்டும் போதாது. நாங்கள் செய்வது கொஞ்சம் மெதுவான வழி. முதலாளியிடம் நேரே போய், இவர் இன்ன வழக்கில் உள்ளே இருந்தவர், இத்தனை நாளாக எங்களுக்குப் பழக்கம், வேலையில் ஏதாவது சிக்கல் வந்தால் அன்றைக்கே வந்து நிற்பது நான், என்று சொல்வது. பரிதாபத்தை விற்கவே கூடாது என்பது எங்கள் ஆட்களுக்கு நான் போட்டிருக்கும் கண்டிப்பான விதி. பரிதாபப்பட்டு வேலை கொடுத்தவர் முதல் தடவை அவர் தாமதமாக வந்ததுமே 'உனக்குப் போய்ச் செய்தேன் பார்' என்பார். ஆள் தேவைப்பட்டு எடுத்தவர், ஏன் லேட் என்று கேட்பார். பதில் பெரும்பாலும், பரோல் அதிகாரியிடம் காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போடப் போயிருந்தேன் என்பதாக இருக்கும் (தண்டனை முடியும் முன் நிபந்தனையோடு வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிப்பவர் அவர்). வேலைநேரத்துக்கு நடுவே வரச் சொல்லிவிட்டு, வேலையும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் ஏற்பாடு இது, அந்த இரண்டையும் பொருத்திக் கொடுப்பதற்கே எங்களிடம் ஒருவர் முழுநேரமாக இருக்கிறார்.

நிதி கொடுப்பவர்களைப் பற்றி எழுதாமல் முடியாது. (அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். வணக்கம்.) அவர்களுக்கு ஒரு எண் வேண்டும்: உங்களிடம் வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி ஜெயிலுக்குப் போனார்கள்? நியாயமான கேள்விதான், ஆனால் அந்த எண் எவ்வளவு வளையும் என்று பாருங்கள். அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2005இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்தது. மறுபடி கைதானவர்கள் 76.6 சதவீதம். மறுபடி குற்றம் நிரூபணமானவர்கள் 55.4. புதிதாகச் சிறைத்தண்டனை பெற்றவர்கள் 28.2. மூன்றும் அதே ஆட்கள், அதே ஐந்து வருடம். எதைத் 'திரும்பிப் போனது' என்று எடுத்துக்கொள்கிறீர்களோ அதற்கேற்ப நான் தோற்றுப்போனவள் ஆகலாம், சாதனையாளர் ஆகலாம். நார்வேயில் வெறும் 20 சதவீதம்தானே என்று எடுத்துக்காட்டுவார்கள். அது இரண்டு வருடத்துக்குள் மறுபடி தண்டனை பெற்றவர்களின் கணக்கு, அதைக் கொண்டுபோய் அமெரிக்காவின் கைது எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு வாத்தியார் அடிப்பார். நார்வேக்காரர்கள் நன்றாகச் செய்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. உள்ளே இருக்கும் வாழ்க்கையை வெளி வாழ்க்கைக்கு முடிந்த அளவு நெருக்கமாக வைத்துக்கொள்வது என்று ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள், அதனால் வெளியே வரும்போது விழும் பள்ளம் ஆழமில்லை. நான் சண்டை போடுவது எண்ணோடு மட்டும்தான்.

இன்னொரு தொல்லை காலக்கெடு. நிதி ஒரு வருடத்துக்கு வரும், வருட முடிவில் முடிவு கேட்பார்கள். ஆல்ஃபிரட் புளும்ஸ்டீனும் கிமினோரி நாகமுராவும் நியூயார்க் மாநிலத்தில் 1980இல் முதல்முறை கைதானவர்களின் பதிவுகளை வைத்து 2009இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 18 வயதில் வழிப்பறி வழக்கில் கைதானவர் 7.7 வருடம் வேறு எந்த வழக்கும் இல்லாமல் இருந்துவிட்டால், அவர் மறுபடி கைதாகும் வாய்ப்பு அவர் வயதுள்ள பொதுமக்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வீடு புகுந்து திருடிய வழக்கு என்றால் 3.8 வருடம். எனக்கு இதில் இரண்டு செய்தி. ஒன்று, இந்த வேலைக்கு வருடங்கள் ஆகும். இரண்டு, பத்து வருடம் ஒழுங்காக இருந்த ஒருவரிடம் இன்னமும் பழைய வழக்கைக் காட்டி வேலை இல்லை என்பதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

மேடை ஏற்றும் பழக்கமும் எனக்கு ஆகாது. ஆண்டுவிழாவில் ஒருவரை நிறுத்தி, 'நான் என்ன செய்தேன் தெரியுமா' என்று சொல்லவைத்து, கைத்தட்டல் வாங்கி, நன்கொடை டப்பா சுற்றிவருவது. அவர் இனி எங்கே வேலைக்குப் போனாலும் அந்த வீடியோ இணையத்தில் இருக்கும். அவர் பிள்ளையின் வகுப்பில் யாராவது பார்ப்பார்கள். விரும்பிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேசட்டும், ஆனால் எங்களிடம் அறை வாங்கிக்கொண்டு இருக்கிறவரிடம் போய் 'உங்களுக்கு விருப்பமா' என்று கேட்டால் அவர் எப்படி மாட்டேன் என்பார்? நிதிக் குறிப்பில் படம் இல்லை என்று எங்களுக்கு வாய்ப்புகள் போயிருக்கின்றன. போகட்டும்.

எங்களிடம் வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் உள்ளே இருந்து வந்தவர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1971இல் தொடங்கிய டிலான்ஸி ஸ்ட்ரீட் இதை முழுமையாகவே செய்து காட்டியது, குறைந்தது இரண்டு வருடம் தங்க வேண்டும், முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், வண்டி ஓட்டிச் சாமான் ஏற்றுவதிலிருந்து உணவகம் வரை தொழில்களை அங்கே வசிப்பவர்களே நடத்துவார்கள். நாங்கள் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் புதிதாக வந்தவரிடம் நான் ஒரு மணி நேரம் பேசி வாங்க முடியாத ஒரு பதிலை எங்கள் சமையற்கட்டில் இருக்கிற ஒருவர் ஒரே கேள்வியில் வாங்கிவிடுவார். நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், பல இடங்களில் பரோல் நிபந்தனையிலேயே தண்டனை பெற்ற மற்றவர்களோடு பழகக் கூடாது என்று இருக்கும். ஆக எங்கள் அலுவலகத்துக்குள் நுழைவதே நிபந்தனை மீறல். ஒவ்வொருவருக்கும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இன்னொன்று, இவர்களுக்கு மற்ற ஊழியர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம் கொடுக்க வேண்டும். 'வாழ்க்கை அனுபவம்' என்று புகழ்ந்துவிட்டு உதவித்தொகை அளவில் கொடுக்கும் அமைப்புகளை எனக்குத் தெரியும்.

பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் யார் நிற்பது என்றும் கேட்கிறார்கள், சில நேரம் பாதிக்கப்பட்டவர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் சாமர்த்தியமாகப் பதில் சொல்ல முயல்வதில்லை. அவர்களுக்கான உதவி தனியாக, தாராளமாக இருக்க வேண்டும், அவர்களை மன்னிக்கச் சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. எங்கள் பங்குக்குச் சில கறாரான விதிகள் உண்டு: மனைவியை அடித்துவிட்டு உள்ளே போனவர் 'வீட்டுக்குப் போறேன்' என்றால் நாங்கள் வண்டி ஏற்றிவிட மாட்டோம், முதலில் அந்த அம்மாவோடு எங்கள் ஆளில்லாத வேறொருவர் தனியாகப் பேச வேண்டும், அவர் வேண்டாம் என்றால் வேறு அறைதான். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் எங்கே தங்கவைப்பது என்பது எங்களுக்கு இன்றுவரை கஷ்டமான வேலை, ஆனால் எங்கும் இடம் கிடைக்காமல் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போவது எல்லோருக்கும் இன்னும் ஆபத்து.

வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. சமூகவியலாளர் புரூஸ் வெஸ்டர்னும் குழுவும் பாஸ்டனில் 122 பேரை வெளியே வந்த நாளிலிருந்து ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். இடமும் காசும் கொடுத்துத் தாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் அம்மாக்கள், பாட்டிகள், அக்காக்கள். எங்கள் அனுபவமும் அச்சு அசல் அதேதான். ஆனாலும் உதவித் திட்டம் எதிலும் அந்தப் பெண்களுக்கு ஒரு வரி இருக்காது. வருகிறவருக்குப் பயணப்படி உண்டு, பயிற்சி உண்டு. அவரைக் கூடத்தில் படுக்கவைத்துக்கொண்டு தன் மருந்துச் செலவைக் குறைத்துக்கொள்ளும் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் இப்போது வாரா வாரம் அவர்களையும் தனியாகக் கூப்பிடுகிறோம். பையன் எப்படி இருக்கான் என்று கேட்பதில்லை, நீங்க எப்படி இருக்கீங்க என்றுதான் கேட்கிறோம். முதல் சில தடவை பதிலே வராது. வெளியே வருகிறவர் பெண்ணாக இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ், அவரைத் தாங்க வீட்டில் ஆள் குறைவு, பிள்ளைகள் யார் யார் வீட்டிலோ பிரிந்து இருப்பார்கள், அவர் வந்ததும் முதலில் கேட்பது தனக்கு அறை இல்லை, பிள்ளைகளோடு தங்க அறை. ஒற்றைக் கட்டில் போட்ட விடுதிகள் அவருக்கு உதவாது, பிள்ளைகளைத் திரும்ப வாங்க நீதிமன்றம் கேட்பதும் தனி வீடுதான்.

தன்னார்வலர்களாக வர விரும்புகிறோம் என்று எழுதுகிறவர்களுக்கு மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஊக்கப் பேச்சு வேண்டாம், தியான வகுப்பும் வேண்டாம், ஏற்கெனவே நிறைய பேர் நடத்துகிறார்கள். எங்களுக்கு வேண்டியது, வாரத்தில் ஒரு காலைப்பொழுது, வார நாளில், மாதக்கணக்கில் தவறாமல் வரக்கூடியவர்கள். அரசு அலுவலக வரிசையில் அலுத்துக்கொள்ளாமல் நிற்கத் தெரிந்தவர்கள். கார் இருந்தால் நல்லது. விண்ணப்பம் நிரப்பும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் 'என்ன கேஸ்' என்று கேட்காமல் இருக்க முடிந்தால் ரொம்ப நல்லது, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பல் மருத்துவர் யாராவது இருந்தால் உடனே எழுதுங்கள், பல் வலியோடும் முன்பல் இல்லாமலும் நேர்முகத்துக்குப் போகிறவர்கள் எங்களிடம் எப்போதும் இருக்கிறார்கள்.